டிரோனுக்கு ஒரு தட்டாமாலை

கல்யாண மண்டபத்து வாசலில் இதைப் பார்த்திருப்பீர்கள். வீடியோக்காரரின் உதவியாளர் டிரோனை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு முழுச்சுற்று சுற்றுவார். பிறகு அதன் மூக்கைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து இன்னொரு சுற்று. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு அது தட்டாமாலை. அவருக்கு அது பிழைப்பு. ரிமோட்டில் செருகியிருக்கும் போன் ‘காம்பஸ் காலிபரேஷன்’ கேட்கிறது. சுற்றிக் காட்டாமல் அது பறக்க விடாது.

எதற்காகச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டால், “காம்பஸ் செட் ஆகணும் சார்” என்பதற்கு மேல் விளக்கம் கிடைப்பது அபூர்வம். அவரைக் குறை சொல்ல முடியாது. டிரோனோடு வரும் கையேடும் அதற்கு மேல் சொல்வதில்லை. இந்தச் சுற்று பிறந்தது வானத்தில் அல்ல, கடலில். டிரோன்களுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே கப்பல்களை இப்படிச் சுற்றவிட்டிருக்கிறார்கள்.

1801-ல் ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற கப்பலில் ஆஸ்திரேலியக் கரையை அளந்து வரைபடம் போடக் கிளம்பினார் மேத்யூ ஃபிளிண்டர்ஸ். அளவை வேலையில் அவரை ஒன்று படுத்தி எடுத்தது. கரையில் அசையாமல் நிற்கும் ஒரே மலைமுனை, கப்பல் கிழக்கே முகம் வைத்திருக்கும்போது காம்பஸில் ஒரு கோணம் காட்டியது. கப்பல் மேற்கே திரும்பியதும் வேறொரு கோணம். மலை நகராது. ஆகவே நகர்வது முள்தான். அவருக்கு முன்பும் மாலுமிகள் சிலர் இதைக் கவனித்ததுண்டு. ஆனால் விடாப்பிடியாகக் குறித்துவைத்து ஒழுங்கைத் தேடியவர் ஃபிளிண்டர்ஸ். வட அரைக்கோளத்தில் ஒரு பக்கம் விலகும் முள் தென் அரைக்கோளத்தில் எதிர்ப்பக்கம் விலகுகிறது என்பதைக் கண்டார். கப்பலிலுள்ள இரும்பைப் பூமியின் காந்தப்புலம் காந்தமாக்குகிறது, அந்த இரும்பு முள்ளைத் தன் பக்கம் இழுக்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

ஊர் திரும்பும் வழியில் மொரீஷியஸில் இறங்கியவரை, போர்க்காலம் என்பதால், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். 1803 கடைசியிலிருந்து 1810 வரை அங்கேதான் கிடந்தார். காம்பஸ் பற்றிய அவருடைய கட்டுரை 1805-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தபோது அவர் சிறையாளி. விடுதலையாகி வந்தபின் 1812-ல் கடற்படைக் கப்பல்களில் சோதனைகள் நடத்தினார். காம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு தேனிரும்புக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தினால், கப்பலின் இழுப்பை அது சரிக்கட்டும் என்றார். அந்தக் கம்பிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஃபிளிண்டர்ஸின் கப்பல் மரக்கப்பல். அதில் இரும்பு கொஞ்சம்தான். கப்பலே இரும்பாக வந்தபோது தொல்லை பெரிதாகியது. 1838-ல் ‘ரெயின்போ’ என்ற இரும்பு நீராவிக் கப்பலைத் தேம்ஸ் கரையின் டெப்ட்ஃபோர்டில் நிறுத்தி, அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் பிரச்சினையை ஒப்படைத்தார்கள். அவர் செய்ததைத்தான் நம் மண்டபத்து உதவியாளரும் செய்கிறார். கப்பலைக் கயிறு கட்டி இழுத்து, நின்ற இடத்திலேயே எல்லாத் திசைகளுக்கும் திருப்பினார்கள். ஒவ்வொரு திசையிலும் முள் என்ன காட்டுகிறது, உண்மையில் என்ன காட்டியிருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டே போனார்கள்.

முழுச்சுற்று ஏன் அவசியம்? முள்ளின் மேல் இரண்டு கைகள் வேலை செய்கின்றன. ஒன்று பூமியின் காந்தப்புலம். இன்னொன்று கப்பலின் சொந்த இரும்பு. கப்பல் ஒரே திசையில் நிற்கும்வரை இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. கப்பலைத் திருப்பினால் பூமி அப்படியே நிற்கும். கப்பலின் இரும்பு மட்டும் கப்பலோடு சேர்ந்து திரும்பும். சுற்றும்போது கூடவே வருவது எதுவோ அது கப்பலுடையது. வராமல் நிற்பது பூமியுடையது. இவ்வளவுதான் காலிபரேஷன். கருவியைத் துல்லியமாக்குவதுதான் காலிபரேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தச் சுற்று செய்வது, வண்டியின் சொந்த உடம்பு கலந்துவிட்ட பொய்யைக் கணக்கிலிருந்து கழிப்பது.

ஏரி அந்தப் பொய்யை இரண்டாகப் பிரித்தார்; பிரான்ஸின் பாய்ஸான் 1824-லேயே போட்டுவைத்திருந்த கணிதம் அதற்குத் துணை. ஒன்று, கப்பலில் நிலையாகத் தங்கிவிட்ட காந்தத்தன்மை. கப்பல் எந்தத் திசைக்குத் திரும்பினாலும் அது மாறாது. காந்தத் துண்டுகளை எதிராக வைத்து அதை அடக்கலாம். மற்றது, பூமியின் புலம் பட்டு அந்தந்த நேரத்துக்குத் தோன்றி மறையும் காந்தத்தன்மை. அதற்குக் காந்தமில்லாத தேனிரும்பைப் பக்கத்தில் வைக்க வேண்டும். இன்று டிரோன் மென்பொருள் எழுதுகிறவர்கள் இதே இரண்டையும் ‘ஹார்ட் அயர்ன்’, ‘சாஃப்ட் அயர்ன்’ என்கிறார்கள். பிளாஸ்டிக் உடம்புக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லுக்கு நீராவிக் கப்பல் காலத்துப் பெயர்!

ஏரிக்கு ஒரு எதிர்ப்பாளர் இருந்தார். வில்லியம் ஸ்கோர்ஸ்பி, ஆர்க்டிக்கில் திமிங்கல வேட்டைக் கப்பல் ஓட்டி, பிறகு பாதிரியாரானவர். கப்பல் கட்டும்போது ஆயிரக்கணக்கான ஆணிகளை அடித்து இறுக்குகிறார்கள். அந்த அடியில்தான் இரும்பு காந்தமாகிறது. ஆகவே கடலில் அலை அடித்து அடித்து அந்தக் காந்தம் மாறவும் செய்யும். துறைமுகத்தில் ஒரு முறை சரிசெய்துவிட்டு அதையே நம்பி ஓட்டக் கூடாது என்பது அவர் கட்சி. 1854 ஜனவரியில் ‘டெய்லர்’ என்ற புத்தம்புது இரும்புக் கப்பல் லிவர்பூலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதல் பயணம் கிளம்பியது. தெற்கே போகிறோம் என்று காம்பஸை நம்பி ஓட்டியவர்கள் அயர்லாந்துக் கரையோரம் லாம்பே தீவுப் பாறைகளில் கொண்டுபோய் மோதினார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஸ்கோர்ஸ்பி தன் கட்சியைச் சோதிக்க 1856-ல், அறுபது தாண்டிய வயதில், ‘ராயல் சார்ட்டர்’ என்ற இரும்புக் கப்பலில் ஆஸ்திரேலியாவரை போய் வந்தார். அடுத்த ஆண்டே காலமானார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பிற்பாடு கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், 1876-ல் காப்புரிமை பெற்ற தன் காம்பஸில் அடியே காந்தங்களையும் இருபுறமும் இரும்புருண்டைகளையும் வைத்தார். கப்பலைச் சுற்றவிட்டு, மிச்சமிருக்கும் விலக்கத்தை அட்டையில் எழுதி மாட்டுவது மாலுமிகளுக்குச் சடங்காகவே ஆகிப்போனது. விமானங்களும் அதைச் சுவீகரித்துக்கொண்டன.

டிரோனுக்குள் இரும்புருண்டைக்கு இடமில்லை, தேவையுமில்லை. சில்லு மூன்று அச்சுகளில் காந்தப்புலத்தை அளக்கிறது. சுற்றும்போது கிடைக்கும் அளவுகளைப் புள்ளிகளாகக் குறித்தால் ஒரு வட்டம் வர வேண்டும், அதன் மையம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். மையம் தள்ளியிருந்தால் அந்தத் தள்ளல்தான் நிலைத்த காந்தம்: மோட்டார்களுக்குள் இருப்பவை, ஒரு திருகாணி, கேமரா ஸ்டாண்டின் குட்டி மோட்டார். வட்டம் நசுங்கி நீள்வட்டமானால் அது தேனிரும்பின் வேலை. இரண்டையும் எண்களாக நினைவில் வைத்துக்கொண்டு, அதன்பின் வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் மென்பொருள் கழித்துவிடுகிறது.

மூக்கைக் கவிழ்த்து ஏன் இரண்டாவது சுற்று? கிடைமட்டமாகச் சுற்றும்போது டிரோனின் செங்குத்து அச்சு மாறாத ஒரே எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் பூமி எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மூக்கைக் கவிழ்த்தால் அந்த அச்சும் சுற்றுக்குள் வந்துவிடுகிறது. நம் ஊரில் இது இன்னும் முக்கியம். லண்டனில் காந்தப்புலம் ஏறத்தாழ 66 டிகிரி சரிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. காந்த நடுக்கோடோ தென்னிந்தியாவின் நுனியை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அந்தக் கோடுதான் காரணம். ஆகவே இங்கே புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. திசை பார்க்க வசதிதான். ஆனால் டிரோனைத் தட்டையாக மட்டும் சுற்றினால் செங்குத்து அச்சுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது.

சுற்றிக் காட்டியும் தீராத பொய் ஒன்று உண்டு. சுற்றும்போது மோட்டார்கள் ஓடுவதில்லை. பறக்கும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்கிறது. பத்து ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி, ஐந்து சென்டிமீட்டர் தள்ளி உண்டாக்கும் காந்தப்புலம் 40 மைக்ரோ டெஸ்லா. தமிழ்நாட்டில் பூமி தருவதும் ஏறத்தாழ அதே 40தான். பூமிக்குச் சமமான பொய்யைக் கை நீளும் தூரத்துக்குள் வைத்துக்கொண்டு வடக்கைத் தேட வேண்டும். அதனால்தான் டிஜேஐ நிறுவனத்தின் முதல் ஃபாண்டம் டிரோன்களில் காம்பஸை உடம்புக்குள் வைக்காமல் தரையில் ஊன்றும் காலில் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டிலேயே டிரோன் கட்டுகிறவர்கள் அதை ஒரு குச்சியின் உச்சியில் நிறுத்துகிறார்கள். ஆர்டுபைலட் என்ற டிரோன் மென்பொருளில், டிரோனைக் கட்டிப்போட்டு மோட்டாரை மெல்ல வேகமேற்றி, மின்சாரம் கூடக்கூடக் காம்பஸ் எவ்வளவு பிசகுகிறது என்று அளக்கவே ஒரு சோதனை இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு வடக்கைத் தெரிந்து டிரோனுக்கு என்ன ஆகப்போகிறது? அந்தரத்தில் சும்மா நிற்பதற்குத்தான். ஒரு மீட்டர் கிழக்கே காற்று தள்ளிவிட்டது என்று ஜிபிஎஸ் சொல்கிறது. மேற்கே சாய வேண்டும். தன் நான்கு பக்கங்களில் எது மேற்கு என்று ஜிபிஎஸ் சொல்லாது, காம்பஸ்தான் சொல்ல வேண்டும். காம்பஸ் நாற்பது டிகிரி பிசகியிருந்தால் மேற்குக்குப் பதில் தென்மேற்கே சாயும். அங்கிருந்து திருத்தப் பார்த்தால் மறுபடி நாற்பது டிகிரி தப்பு. பிசகு சிறியதானால் வளைந்து வளைந்தாவது இடத்துக்கு வந்துவிடும். பெரியதானால் வட்டம் விரிந்துகொண்டே போய்ப் பக்கத்துத் தென்னையில் முடியும். ஆர்வலர்கள் இதற்கு ‘டாய்லெட் பவுல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்கவே வேண்டாம்.

இனி அடுத்த காலிபரேஷன். டிரோனை மேஜைமேல் அசையாமல் வை, பக்கவாட்டில் வை, மூக்கை மேலே வை என்கிறதே, அதன் பூர்வீகம் வேறு. 1907-ல் பிரான்ஸில் லூயி பிரெகே என்பவர் நான்கு சுழலிகள் கொண்ட இயந்திரம் ஒன்றைத் தரையிலிருந்து எழுப்பினார். ஆள் உட்கார்ந்து கிளம்பிய அது ஓர் அடி, இரண்டடி எழும்பியது. மூலைக்கு ஒருவராக நான்கு பேர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கவிழாமல் இருக்க. நான்கு சுழலி வண்டிக்குத் தானாக நிமிர்ந்து நிற்கும் குணம் கிடையாது. நொடிக்குப் பலநூறு தடவை யாராவது சாய்வைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நான்கு பேர் வேலையை எடுத்துக்கொள்ள ஒரு சில்லு வருவதற்குள் நூறாண்டு ஓடிவிட்டது.

அந்தச் சில்லு பறப்பதற்காகப் பிறந்ததல்ல. மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிக்கக் காருக்கு ஒரு மலிவான முடுக்கமானி தேவைப்பட்டது. சிலிக்கானில் செதுக்கிய குட்டி ஊஞ்சலாக அது 1990களின் தொடக்கத்தில் வந்தது. அதிரும் சிலிக்கான் துண்டை வைத்துச் சுழற்சியை அளக்கும் கைரோ பின்தொடர்ந்தது. பிறகு விளையாட்டுச் சாமான்கள் இரண்டையும் ஏந்திக்கொண்டன. நின்டெண்டோவின் வீ ரிமோட்டில் 2006-ல் முடுக்கமானி. அதில் செருகும் கைரோத் துண்டு 2009-ல். ஜோர்டி முன்யோஸ் என்ற மெக்சிகோ இளைஞர் வீ ரிமோட்டின் உணரிகளை வைத்துப் பொம்மை ஹெலிகாப்டரை நிலைநிறுத்திக் காட்டினார். அதன்வழி கிடைத்த நட்பில், அப்போது ‘வயர்டு’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த கிறிஸ் ஆண்டர்சனோடு சேர்ந்து 2009-ல் 3டி ரோபாட்டிக்ஸ் என்ற டிரோன் நிறுவனத்தைத் தொடங்கினார். வீ துண்டுகளைப் பிரித்துப்போட்டுப் பறக்கவிட்டவர்களின் இன்னொரு கூட்டுமுயற்சிக்கு ‘மல்ட்டிவீ’ என்றே பெயர். 2010-ல் பாரிஸின் பேரட் நிறுவனம் ஐபோனால் ஓட்டும் ஏஆர்.டிரோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் காம்பஸே இல்லை. அடுத்த பதிப்பில் சேர்த்தார்கள். காலிபரேட் செய்யச் சொன்னால் அது ஆகாயத்தில் தானே ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். கையில் பிடித்துச் சுற்றுவதைவிட அதுவே நாகரிகம் என்பது என் எண்ணம். ஆனால் 2013 ஜனவரியில் வந்த ஃபாண்டம் உலகையே பிடித்துக்கொண்டது, கைச்சுற்றும் அதோடு சேர்ந்து பரவிவிட்டது. ரிமோட்டின் சுவிட்சை மேலும் கீழுமாக வேகமாகத் தட்டு, வால்விளக்கு மஞ்சளாகும். சுற்று, பச்சையாகும். மூக்கைக் கவிழ்த்துச் சுற்று. சிவப்பும் மஞ்சளும் மாறிமாறி மின்னினால் வேறு இடம் பார்.

மலிவுச் சில்லில் இரண்டு பொய்கள். கைரோ அசையாமல் கிடக்கும்போதும் கொஞ்சம் சுழல்வதாகச் சொல்லும். நொடிக்கு அரை டிகிரி பொய் என்றாலும் ஒரு நிமிடத்தில் முப்பது டிகிரி. அதனால்தான் ஸ்விட்ச் போட்டதும் சில நொடி தொடாதே என்கிறார்கள். அந்த நேரத்தில் அது சொல்வது முழுக்கப் பொய் என்பது நிச்சயம், ஆகவே அப்படியே கழித்துவிடலாம். இந்தப் பொய் வெப்பத்துக்கு ஏற்ப மாறவும் மாறும். ஏசி காரிலிருந்து இறக்கிய கையோடு வெயிலில் பறக்கவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

முடுக்கமானியைத் திருத்த ஆறு பக்கமும் திருப்பி வைக்க வேண்டும். ஆர்டுபைலட்டில் மல்லாக்கப் போடுவதும் சேர்த்தி. புவியீர்ப்பு எங்கும் ஓடிவிடாது, அதுவே படிக்கல். நேராக வைத்தபோது 1.03 என்றும் கவிழ்த்தபோது −0.97 என்றும் காட்டினால், இரண்டிலும் ஒரே 0.03 ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவு. பக்கவாட்டு அச்சில் அந்த 0.03-ஐ விட்டுவைத்தால், டிரோன் ஏறத்தாழ 1.7 டிகிரி சாய்ந்தபடியே ‘நான் நேராக நிற்கிறேன்’ என்று நம்பும். விரலைத் தொடாமலே ஒரு பக்கமாக நழுவிக்கொண்டு போகும். காற்று தள்ளுகிறது என்று ஓட்டுகிறவர் காற்றைத் திட்டுவார்.

கைரோ வேகமாகச் சொல்லும், போகப்போக வழிதவறும். முடுக்கமானி வழிதவறாது, ஆனால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் துள்ளும். இருவர் பேச்சையும் அளவாக நம்பி உண்மையை ஊகிக்கும் கணக்கு, 1960-ல் ருடால்ஃப் கால்மன் எழுதியது. அப்போலோ விண்கலத்தைச் சந்திரனுக்கு வழிநடத்தியதும் அதன் வழிவந்த கணக்குத்தான். இன்று அது கல்யாண ஆல்பத்துக்குக் கோபுரத்தைச் சுற்றிப் படமெடுக்கிறது.

கடைசியாகத் தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் சுற்றித்தான் ஆக வேண்டும் என்ற நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. பழைய கையேடுகளும் அதை வளர்த்தன. மண்டபத்து மொட்டைமாடியில், காலடி கான்கிரீட்டுக்குள் கம்பி வலை ஓட, பக்கத்தில் ஜெனரேட்டர் வண்டி நிற்க, சட்டைப் பையில் போனோடு சுற்றினால், நேற்று சரியாக இருந்த காம்பஸைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். அந்தக் கம்பி டிரோனோடு திரும்பாது, பூமியைப் போலவே நிற்கும். ஆகவே மென்பொருளால் அதைப் பூமியிலிருந்து பிரிக்க முடியாது. அங்கே எழுதிக்கொண்ட தப்புக் கழித்தலோடு டிரோன் திறந்த ஆகாயத்துக்குப் போகும். கீழே விழுந்தது, மோட்டார் மாற்றியது, தொலைதூரம் பயணப்பட்டது, ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி டிக்கியில் கிடந்தது, அதுவே கேட்டது: இவற்றில் ஏதாவது நேர்ந்திருந்தால் கம்பியில்லாத வெறும் மண்ணுக்கு வந்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு முறை சுற்றினால் போதும்.

புதிய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை குறைந்துகொண்டே வருகிறது. 2016-ல் வந்த ஃபாண்டம் 4-இலேயே காம்பஸ் இரண்டு, கைரோ தொகுதி இரண்டு. ஒன்று சொல்வதை மற்றது சரிபார்க்கும். பறந்துகொண்டே தன் பிழையைக் கற்றுக்கொள்ளும் மென்பொருளும் இருக்கிறது. திருவிழாக் கடையில் கிடைக்கும் பொம்மை டிரோனுக்குக் காம்பஸே கிடையாது. சமதரையில் வைத்து, ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் கீழ்வலது மூலைக்குத் தள்ளிப் பிடித்தால் பலவற்றில் விளக்குகள் படபடவென மின்னி நிற்கும். கைரோ வேலை முடிந்தது. மணலில் சாய்வாக வைத்து அதைச் செய்துவிட்டு, ஒரே பக்கம் ஓடுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது.